மடங்காத விரல்

மூன்று மாதம் டவல் கம்பெனியில் பாவாயியின் நெற்றியில் கேமராவைக் கட்டி டவல் மடிக்கச் சொன்னார்கள். "உங்க நேர்த்திய வெளிநாட்டுக்காரங்க பாக்கோணுமாமுங்கக்கா" என்றான் சூப்பர்வைசர் தனசேகர். அவளும் உச்சி குளிர்ந்துபோய் மடித்துத் தள்ளினாள். நாலாம் மாதம் அவள் மேசையில் இரண்டு இரும்புக் கைகள் மடித்துக்கொண்டிருந்தன. உதறுவதும் ஓரம் சேர்ப்பதும் நீவுவதும் அச்சு அசல் அவளேதான். வலக்கைச் சுண்டுவிரல்கூட மடங்காமல் விறைத்து நின்றது. ஆறு வருஷத்துக்கு முன் இதே கம்பெனியின் இஸ்திரி மிஷினில் அவள் சுண்டுவிரல் நசுங்கி மடங்காமல் போனபோது, 'தன்னால சரியாயிடும்' என்று களிம்பு தடவி அனுப்பியவர்கள்தான் இவர்கள்.

"ஏந்தம்பி, இது என்ற கைதானே?" என்றாள்.

தனசேகர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த விரல் ஒண்ணுதாங்கக்கா கோளாறு. சென்னையிலிருந்து இன்ஜினீயர் வர்றாரு, சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிருவாரு."