உள்ளே வராதவள்

கஞ்சிக்கோட்டுக் கம்பெனியின் சர்வர் அறையிலிருந்து வெளியே வர, ஜீவிதா காலையில் உள்ளே நுழையக் காட்டிய கார்டை மறுபடியும் கதவில் வைக்கிறாள். சிவப்பு விளக்குதான் எரிகிறது. ஏசிக் குளிரில் விரல்கள் விறைக்கின்றன. மின்விசிறிகளின் இரைச்சல் காதை அடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மணி சொல்லும் சர்வர் படுத்துவிட, அதை நேற்று எடுத்துவைத்த நகலிலிருந்து இப்போதுதான் எழுப்பிவிட்டாள். அது நேற்றைய மணியோடு எழுந்து, மற்ற சர்வர்களுக்கும் இந்தக் கதவுக்கும் அதையே ஓதிக்கொண்டிருக்கிறது. திருத்தலாமென்று லேப்டாப்பைத் திறந்தால், லேப்டாப்பின் மணியும் தன் மணியும் ஒத்துப்போகவில்லையென்று சர்வர் அவளை அண்டவிட மறுக்கிறது. கண்ணாடிக்கு அப்பால், மத்தியான வெளிச்சத்தில், காவலாளி சென்னியப்பன் தூக்குப்போசியை ஆட்டிக் காட்டுகிறார். “அம்மிணி, சாப்புட வாங்க!” “கதவு உட மாட்டேங்குதுங்ணா!” “உள்ள வந்தவங்கள வெளிய உடாம அதென்ன கதவுங்க?” அவள் கதவோரச் சின்னத் திரையைத் துடைத்துப் பார்க்கிறாள். நேற்றைய தேதிக்குக் கீழே எழுத்து மின்னுகிறது: நீங்கள் இன்னும் உள்ளே வரவில்லை.