பட்டுப் பெட்டியில் பத்து ரூபாய்

நாணயம் சேர்க்கிற ஒருவரின் பட்டுப் பெட்டியில், ராஜா தலை போட்ட பழைய செப்புக் காலணா ஒன்று கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தது. பக்கத்துக் குழியில், அதே காலணாவைப் பார்த்துச் சட்டைப் பித்தான் அளவில் செய்த பித்தளைப் பொம்மைக் காசு.

“பிஸ்கட் பாக்கெட்டோட இலவசமா வந்த பயலுக்கு என்னடா மதிப்பு? செல்லாக்காசு!” என்றது காலணா.

“சரிங்க மகாராஜா, உங்களைக் கொடுத்தா மட்டும் டீ தருவானா?” என்றது பொம்மைக் காசு. “நீங்க செல்லாமப் போனவர். நான் செல்லவே பிறக்காதவன். ரெண்டு பேருக்கும் ஒரே மெத்தைதானே?”

செப்புக் காலணா இன்னும் சிவந்தது. “என்னை லென்ஸ் வெச்சுப் பாக்குறாங்கடா!”

“லென்ஸ் இல்லாம என்னைப் பாக்கவே முடியாதுங்க.”

அப்போது மூடி திறந்தது. பளபளவென்று ஒரு பத்து ரூபாய் நாணயம் வந்து விழுந்தது.

“என்னை ஏன் இங்க போடுறாங்க? நான் அசல்! நான் செல்லும்! அரசாங்கமே சொல்லுது!” என்று அது கத்தியது.

காலணாவும் பொம்மைக் காசும் சண்டையை மறந்து, நகர்ந்து இடம் விட்டன.

“எந்த ராஜா காலத்துல செல்லாமப் போனீங்க?” என்று மரியாதையாகக் கேட்டது காலணா.

பத்து ரூபாய் தலையைக் குனிந்துகொண்டது.

“டீக்கடைக்காரர் காலத்துல. இன்னைக்குக் காலையிலதான்.”