ஷேனின் முறை

என் பேத்தி கிறிஸ்டல் கூடத்துக்குள் நடந்த நடையை நீட்டிப் போட்டிருந்தால் எங்கள் ஊர் ஆயர் ஈத்தாமிலிருந்து துறைமுகம் வரை போய் இரண்டு தடவை திரும்பியிருக்கலாம்.

நான் வாசல் கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

நாற்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். ஒருமுறை கப்பலையே தூக்கி ஓரமாக வைத்தேன் என்றால் நம்பமாட்டீர்கள். நம்பவேண்டாம். பதினாறு வயதுப் பேத்தியை ஒரு மத்தியானம் வீட்டுக்குள் வைத்திருக்க எனக்குத் தெரியாதா?

மார்ச் மாதம் அவள் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டிருந்தாள்; அவளாக அம்மாவிடம் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. வீடு திரும்பியதும் முறைபோட்டுக் காவல். காலையில் அவள் அம்மா, என் மகள் எவ்லின்; மத்தியானம் நான்; நாலு மணிக்குமேல் அவள் அண்ணன் ஷேன்.

குளியலறைத் தாழ்ப்பாளைக்கூடக் கழற்றிவிட்டோம். உள்ளே போகிறவர் ஆள் இருப்பது வெளியே தெரியப் பாட்டுப் பாடவேண்டும். நான் பாடினால் பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டுவார்கள். ரசித்துத்தான்.

ஷேனைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. பதினேழு வயது. ஒரே உட்காரலில் மூன்று தட்டு மீ கோரிங் நூடுல்ஸ் தின்பான். எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே "ஓகே லா தாத்தா". அவனைப் பற்றி நான் ஃப்ளாட் முழுக்க அளந்த அளப்புக்கு இந்நேரம் கீழே சிலை வைத்திருக்கவேண்டும்.

மணி நாலரை ஆனது. ஐந்தும் ஆனது. ஷேன் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

கிறிஸ்டல் சன்னலுக்குப் போனாள், கதவுக்கு வந்தாள், மறுபடி சன்னலுக்குப் போனாள்.

"வழி விடுங்க தாத்தா, கீழ போகணும்."

"எங்கிட்டயேவா? எலிகூட எங்கிட்ட கேட்டுட்டுதான் இந்தக் கதவத் தாண்டும்."

அவள் சிரிக்கவில்லை. நடையை நிறுத்தினாள்.

"அவன் ஃபுட்பால் பூட்ஸ யாருக்கோ குடுத்துட்டான் தாத்தா. நேத்து கிட்டாரையும். நீங்க எல்லாரும் என்னையே பாக்குறீங்க. நான் அவனத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

நாலு மணிக் காவலுக்கு ஷேன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் அவள்தான். அண்ணன்மேல் பாசம் என்று நாங்கள் பூரித்துப்போயிருந்தோம்.

நாற்காலியை நான் எப்போது நகர்த்தினேனோ தெரியாது. மூன்று மாடிப் படி. அவள் முன்னால் ஓடினாள். பின்னால் என் முட்டிகள் இரண்டும் தனித்தனியாக இறங்கி வந்தன.

பஸ் ஸ்டாப்பில் இருந்தான். பள்ளிச் சட்டையில், மடியில் பையோடு. பஸ் வந்தது, கதவைத் திறந்தது, மூடிக்கொண்டு போனது. அவன் எழுந்திருக்கவில்லை.

எங்களைப் பார்த்ததும் அதே சிரிப்பு.

நான் பஸ் ஸ்டாப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிறிஸ்டல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"சாகணும்னு தோணுதா உனக்கு?"

சிரிப்பு அவன் முகத்தைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இன்னொரு பஸ்ஸும் வந்து போனது.

மடியிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் கேட்டான்.

"நீயாத்தானே அம்மாகிட்ட சொன்ன. மொத வார்த்தை என்னா சொன்ன?"