ஒரு மூச்சு சாம்பிள்

மட்டாஞ்சேரி பஜாரில் மூட்டையைப் பிரிக்காமலே மிளகின் வயதைச் சொல்லும் மூக்குகள் உண்டு. அந்த மூக்குகளெல்லாம் தோற்றுப்போன ஒரே இடம், கொச்சங்காடியில் லக்ஷ்மிநாராயணனின் பெருங்காயக் கம்பெனி. காயத்தோடு பிசினும் மைதாவும் என்ன பங்கில் சேர்கிறது என்பது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. கலக்கும்போது கதவைத் தாழிட்டுக்கொள்வார். மனைவிக்கும் தெரியாது, மனைவியின் தம்பி சங்கர்ராமுக்கும் தெரியாது.

சங்கர்ராமுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அத்திம்பேரிடம் இத்தனை வருஷம் விற்பனை பார்த்தும் அவன் வெறும் மச்சினன்தான். இடப்பள்ளியில் மசாலா பாக்கெட் போடும் பாண்டியராஜனோ, "அந்தப் பக்குவத்தைக் கொண்டாங்க சாமி, என் கம்பெனியில பாதி உங்களுக்கு" என்று சத்தியமே செய்திருந்தான். விஷயம் வெளியே தெரிந்தால் வேலையும் போகும், அக்கா வீட்டுச் சாப்பாடும் போகும்.

வழி காட்டியது அத்திம்பேரின் கடைவாய்ப் பல். ஒரு கன்னம் போண்டாவாக வீங்கியும் மனுஷர் அசையவில்லை. பல் டாக்டர் என்ற பேச்சை எடுத்தாலே பயந்துபோய், கலக்கும் அறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொள்வார்.

"பள்ளுருத்தி ரோட்டில அஞ்சனான்னு ஒரு டாக்டர். சிரிப்பு வாயு குடுக்கறா, அத்திம்பேர். மூக்கில வச்சா வலியும் தெரியாது, பயம், பேடி ஒண்ணும் தெரியாது" என்றான் சங்கர்ராம். அதை முகர்ந்தவர்கள் வாய்க்கு வந்ததை உளறுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததை மட்டும் சொல்லவில்லை.

டாக்டர் அஞ்சனா பொறுமைசாலி. "மாத்திரைன்னா முன்னாடியே முழுங்கிட்டு வரணும் மாமா, பாதித் தூக்கம். நரம்புல ஊசின்னா கிட்டத்தட்ட முழுத் தூக்கம். அதுக்கு மயக்க டாக்டர் வரணும், இன்னிக்கு நடக்காது. வாயுன்னா முழிச்சிண்டே மிதக்கலாம். மாஸ்க்கை எடுத்தா சித்த நேரத்துல தெளிஞ்சிடும்."

"மாத்திரையில பாதி, காத்துல பாதி கலந்து தருவேளா?"

"இது பெருங்காயம் இல்லை மாமா. கலக்கறதில்லை."

"கலக்காத சரக்கா? அப்போ எனக்கு ஸம்சயம் ஜாஸ்தியாறது." அத்திம்பேர் நாற்காலியை ஒரு சுற்று சுற்றிவந்தார். "நம்ம பஜார்ல சாம்பிள் பார்க்காம எவனாவது சரக்கு எடுப்பானா? சங்கரா, நீ மொதல்ல ஏறு."

"எனக்குப் பல்லு நன்னா இருக்கே!"

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தாள். "நன்னாவா? கறை சுவர் மாதிரி இருக்கு. க்ளீன் பண்ணியே ஆகணும்."

சாம்பிள் நன்றாக இருந்தால்தான் அத்திம்பேர் ஏறுவார். சங்கர்ராம் ஏறினான்.

மாஸ்க் மூக்கில் உட்கார்ந்தது. விரல் நுனியெல்லாம் குறுகுறுத்தது. மேலே சுற்றிய மின்விசிறி அவனைப் பார்த்துக் கண்ணடித்தது. நல்ல விசிறி என்று தோன்றியது. உலகத்தில் எல்லோருமே நல்லவர்கள் என்று தோன்றியது. பிறகு யாரோ மாஸ்க்கை எடுத்தார்கள்.

"எப்படி அத்திம்பேர்?"

"பிரமாதம்! ஒரே சிரிப்பு!" அத்திம்பேர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரக்கு நயம். எறங்கு, எறங்கு." டாக்டர் காதில் ஏதோ கிசுகிசுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஒரே தாவலில் நாற்காலியில் ஏறினார். டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு சிலிண்டர் குமிழைத் திருகினாள்.

மாஸ்க் வந்தது. மரத்துப்போக ஊசி வந்தது. ஈறோரம் பஞ்சு வந்தது. அத்திம்பேர் கெக்கெக்கென்று சிரித்தார். அப்போதுதான் சங்கர்ராமுக்கு உறைத்தது: மரத்த நாக்கும் பஞ்சடைத்த வாயுமாக மனுஷர் எதை உளறுவார்?

அவர் நெஞ்சின்மேல் விரித்திருந்த துண்டு கண்ணில் பட்டது. வயிறு குளிர்ந்தது. மிளகு பஜாரில் விலையை வாயால் யார் சொல்கிறார்கள்? துண்டுக்கடியில் கையை விட்டு விரலைப் பிடித்தால் பேரம் முடிந்தது. டாக்டர் எக்ஸ்ரே பார்க்கத் திரும்பியதும் கையை விட்டான்.

"அத்திம்பேர், பிசின் எத்தனை பங்கு?"

மூன்று விரல் அழுந்தின.

"மைதா?"

ஒரு முழுக்கை. மறுபடி அதே ஐந்து விரல்.

"காயம்?"

சுண்டுவிரல். அதிலும் நுனி மட்டும்.

இவ்வளவுதானா! இத்தனை நாள் வாங்கிய வாடிக்கைக்காரர்களை நினைத்து சங்கர்ராமுக்கே பாவமாக இருந்தது.

பல் வந்தது. அவனும் பறந்தான்.

மறுநாள் இடப்பள்ளியில், பாண்டியராஜன் கண்ணெதிரே, அண்டாவில் அதே பங்கில் கலந்து தண்ணீர் விட்டுக் கிளறினான். கரண்டி நின்ற இடத்தில் நின்றது. பாண்டியராஜன் கரண்டியைப் பிடித்துத் தூக்கினான். அண்டாவும் கூடவே வந்தது.

"என்ன சாமி இது? மணமும் காணோம், குணமும் காணோம்! சுவத்துல போஸ்டர் ஒட்டலாம் போலிருக்கு!"

கைப்பேசி அடித்தது. அத்திம்பேர். பல் போன இடத்தில் குரல் லேசாக விசிலடித்தது.

"சங்கரா, பசை பதமா வந்துதா? நம்ம டப்பா லேபிளெல்லாம் அதிலதான் ஒட்டறோம். பாண்டியராஜன்கிட்டயும் சொல்லு, நன்னாப் பிடிக்கும்."

சங்கர்ராமின் காதோடு கைப்பேசி ஒட்டிக்கொண்டது. "அத்திம்பேர்... வாயு ஏத்திண்டு... எப்படி..."

"எனக்கெதுக்கு வாயு? வெறும் ஆக்ஸிஜன் போறும்னு டாக்டர் காதில சொல்லிட்டேனே. வந்த கோபத்தில பேடியெல்லாம் தன்னால ஓடிப்போயிடுத்து."

"கோபமா? இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னா?"

"நீதாண்டா அம்பி, சாம்பிள் பார்க்கறச்சே டாக்டர் கையைப் பிடிச்சுண்டு, பாண்டியராஜன் கடைக்கு எந்த பஸ்ஸில போணும்கற வரைக்கும் சொன்னயே!"