பொப்பு என்றால் அரசன்

"பத்துக்குள்ளயே வராதா? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" புருஷனிடம் கத்தியபடி மருமகள் சோபாவின் மேலேயே ஏறி நின்றுவிட்டாள்.

வெளியே மழை. விடுமுறை நாள். வீட்டில் பெரிய பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது: சின்ன வயதில் பார்த்த டிராகன் கார்ட்டூனில் சிறந்த பத்து எபிசோடு எது எது?

மகன், மருமகள் இரண்டு பேருக்கும் முப்பது தாண்டியாகிவிட்டது. ஒருத்தி பல் டாக்டர், ஒருத்தன் மருந்துக் கம்பெனி மேனேஜர். வாயைத் திறந்தால் பனிக்கோட்டை, சாபம், இளவரசன். அம்மா சாப்பாட்டு மேசையில் பட்டாணி உரித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கும் இதில் பங்கு உண்டு. அந்த டிராகன் குட்டிக்குத் தமிழில் குரல் கொடுத்தவளே அவள்தான்.

இது தெரிந்த நாளில் மருமகள் குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து விசாரித்துவிட்டுப் போனார். கல்யாணத்துக்குச் சம்மதித்ததே அதற்காகத்தான் என்று இன்றைக்கும் புருஷனைச் சீண்டுவாள்.

பத்திலிருந்து இரண்டு வரை பெரிய சேதாரமில்லாமல் முடிந்தது. கண்ணாடிக் காட்டு எபிசோடுக்கு நான்காம் இடம். அழுகிற அரக்கனுக்கு இரண்டு. முதல் இடத்தில்தான் முட்டிக்கொண்டது.

மருமகளுக்கு அது பாலத்து எபிசோடு; மகனோ அதைப் பட்டியலிலேயே சேர்க்க மாட்டேன் என்றான். இளவரசனைப் பாலத்தில் விட்டுவிட்டு டிராகன் குட்டி ஒரேயடியாகப் பறந்துபோகும். போகும்போது திரும்பிப் பார்த்து, "சாப்பிட்டுட்டுத் தூங்கு, பொப்பு" என்று சொல்லும்.

இளவரசனின் பெயர் பொப்பு இல்லை. கார்ட்டூனில் வேறெங்கும் அந்தப் பெயர் வராது. ரசிகர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

"டிராகன் பாஷையில பொப்புன்னா அரசன்னு அர்த்தம் அத்தை. ஒருத்தர் இதுக்குன்னே ஒரு மணி நேரம் வீடியோ போட்டிருக்காரு."

"அப்படியா?" என்றாள் அம்மா. சிரிப்பை அடக்கியதில் ஒரு பட்டாணி கை தவறிக் கீழே உருண்டது.

அரசனாவது, ஆட்டுக்குட்டியாவது! வசனம் முடிந்த பிறகும் திரையில் டிராகனின் வாய் அசைந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான் விஷயம். மீந்த வாயசைவுக்கு எதையாவது பேசி நிரப்ப வேண்டும். காலையில் வாசலில் பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்த வார்த்தை நாக்கிலேயே இருந்தது, விழுந்துவிட்டது. "வாய் பொருந்துது, விடு" என்றார் டைரக்டர்.

அது எப்போது டிவியில் வந்தது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் ஸ்டூடியோவில் வேறு ஏதோ பொம்மைக்குக் கத்திக்கொண்டிருந்திருப்பாள்.

பொப்பு, இதோ சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிற இந்தத் தடியன்தான். கொஞ்சம் வளர்ந்ததும், பையன்கள் முன்னால் அப்படிக் கூப்பிடாதே என்று ஒரு நாள் சண்டை போட்டான். அத்தோடு அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. பெண்டாட்டியிடமும் மூச்சு விடவில்லை போலிருக்கிறது.

அந்த எபிசோடு வந்த காலத்தில் அவன் மூன்றாம் வகுப்பில் இருந்தான். அப்பா கப்பலில். இவள் நாள் முழுக்கக் கத்திவிட்டு வருவாள். வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்பது தொண்டை டாக்டரின் கட்டளை. அதனால் ஒரு கைதட்டு என்றால் சாப்பிட வா. இரண்டு என்றால் குளி. ஊர்ப் பிள்ளைகளிடமெல்லாம் கொஞ்சிப் பேசிய வாய், பெற்ற பிள்ளையின் முன்னால் உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா சாப்பாடு போட்டு வைத்தாலும் தொடமாட்டான். எவ்வளவு நேரமானாலும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அம்மாவுக்காக உட்கார்ந்திருப்பான். அதனால் தினமும் கிளம்பும்போது "சாப்பிட்டுட்டுத் தூங்கு, பொப்பு" என்ற அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் குரலைச் செலவழிப்பாள். அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டுவான். அவளுக்கு எரிச்சலாக வரும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும், பொய் சொல்வானேன்.

ஒரு நாள் அவள் வந்தபோது தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பிள்ளை தூங்கிவிட்டிருந்தான். மறுநாளும் அப்படியே. அதற்குப் பிறகு அவன் காத்திருக்கவே இல்லை.

அப்பாடா, நிம்மதி என்று அக்காவிடம் சொன்னாள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நானில்லாமல் இருக்கப் பழகிவிட்டான் என்று அன்றைக்குக் குத்திய முள் இன்னும் உள்ளேயே கிடக்கிறது. இத்தனை வருஷத்தில் கேட்கத் தைரியம் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

"காரணம் சொல்லு. ஏன் வராது?" மருமகள் விடுவதாக இல்லை.

"அது எபிசோடே இல்லடி."

"பின்னே?"

அவன் எழுந்து வந்தான். கீழே கிடந்த பட்டாணியை எடுத்துக் கிண்ணத்தில் போட்டான். நாற்காலியை இழுத்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அதை நீ பார்த்தியாடா?" அம்மா கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"முதல் தடவை போட்டப்பவே பார்த்தேன். அன்னிக்குத்தான் நானே சாப்பிட்டுட்டு, தட்டைக் கழுவி வெச்சுட்டுத் தூங்கினேன்." அவன் ஒரு பட்டாணியை உரிக்க ஆரம்பித்தான். "டிவியில அத்தனை பேர் முன்னால சொல்லிட்ட. கேக்காம இருக்க முடியுமா?"

மருமகள் சோபாவிலிருந்து மெல்ல இறங்கினாள். புருஷனைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா பேச வாயெடுத்தாள். பேச்சை விட்டுவிட்டு ஒரே ஒரு முறை கை தட்டினாள்.

பட்டாணி இன்னும் அடுப்பிலேயே ஏறவில்லை. ஆனாலும் மகன் எழுந்துபோய், தட்டை எடுத்துவந்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.