அவர்களே

இலுப்பூர் பேச்சுப் பயிற்சி மன்றத்தில் ஹேமாவுக்கு இன்றுதான் முதன்முறையாக மைக் கிடைத்திருக்கிறது. இரண்டே நிமிடம். நாளை மகளின் பள்ளிக் கூட்டத்தில் எழுந்து கழிப்பறைக்குக் கதவு கேட்க வேண்டும். அதற்காகத்தான் மன்றத்தில் சேர்ந்தாள். மேடையில் பதினோரு நிர்வாகிகள். ஒவ்வொருவரையும் பட்டத்தோடு விளித்த பிறகே பேச வேண்டும் என்பது இங்கே வழக்கம். கையிலிருக்கும் தாளைப் பார்த்து, அவர்களே அவர்களே என்று ஒருவழியாக முடிக்கிறாள். "பொருளாளரை விட்டுட்டீங்கம்மா," என்கிறார் செயலாளர் லக்ஷ்மணன். சொல்கிறாள். "அங்கிட்டு புரவலர் ஒக்காந்திருக்காருங்க," என்கிறார் மறுபடியும். புரவலர் தூக்கம் கலைந்து கும்பிடுகிறார். இரண்டு நிமிடம் முடிந்த மணி அடிக்கிறது. எல்லாரும் கைதட்டுகிறார்கள். "பிரமாதம்மா," என்று லக்ஷ்மணன் மைக்குக்குக் கை நீட்டுகிறார். ஹேமா கொடுப்பதாயில்லை. "ஒக்காருங்க சார். நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல." மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோகிறாள். "எம் மக ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல," என்கிறாள்.