தன்னைத்தானே வரைந்தவர்

வரவேற்பறைச் சுவரில் டி.வி.தான் இருந்தது. எண்பத்தைந்து அங்குலம். பசுபதி வரைந்து கொடுத்த படத்தைக் காணோம்.

ரஞ்சித்குமார் அவரை கராஜ் வழியாகத்தான் உள்ளே கூட்டி வந்திருந்தான். அங்கே செருப்பு ஸ்டாண்டுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில்கூடத் துழாவிப் பார்த்துவிட்டார், இல்லை. அமெரிக்காவுக்கு வந்து காப்பெலில் வீடு வாங்குகிற இந்தக் கூட்டத்துக்குக் கலையாவது கத்தரிக்காயாவது.

மூன்று மாதம் முன்பு கிரகப்பிரவேசத்துக்கு எல்லோரும் குத்துவிளக்கும் குக்கரும் கொடுத்தார்கள். பசுபதி தன்னைத்தானே வரைந்து கொடுத்தார். பச்சை நெற்றி, பிதுங்கிய சிவப்பு விழிகள், முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற வாய். தன் முகத்தை அழகாக வரைந்துகொள்வது கோழைகளின் வேலை என்பது அவர் கட்சி. இது நான்தான் என்று அவர் சொல்லவில்லை. சொன்னால்தான் புரியும் என்கிறவனுக்கு ஓவியம் எதற்கு?

ஐரோப்பாவுக்கு இரண்டு தடவை டூர் போய் வந்ததிலிருந்து தமிழ்ச் சங்கத்தில் அவர் ஏறாத மேடை இல்லை. பேச்சு எப்போதும் ஒன்றுதான். அங்கே பெரிய நாவலின் கதாநாயகனைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே எழுதினவனே உட்கார்ந்திருப்பான். பெரிய ஓவியன் கண்ணாடி முன்னால் நின்று தன்னையே உரித்துக் காட்டுவான். நம் ஆட்களுக்கோ ஃபேமிலி போட்டோவை கேன்வாஸில் பிரிண்ட் போட்டு மாட்டத்தான் தெரியும். இதைக் கேட்டுக் கைதட்டிவிட்டு, கூட்டம் சாப்பாட்டு வரிசைக்கு ஓடிவிடும்.

ஐந்து வருடமாக வரைகிறார். அவர் படத்தைப் பற்றி இன்றுவரை ஒரு ஆள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான், கூப்பிடாமலேயே இன்று வந்திருக்கிறார். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

"என்ன வான்மதி, சுவரெல்லாம் மொட்டையா இருக்கு?" என்றார் ரஞ்சித்தின் மனைவியிடம்.

"இன்னும் ஒண்ணும் செட் பண்ணலைங்க அங்கிள். உங்க படத்தை மட்டும்தான் முன்னாடி மாட்டியிருக்கோம். வர்றவங்க அதைத்தான் முதல்ல பாக்கறாங்க."

பசுபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்துட்டு என்ன சொல்றாங்க?"

"யாரும் சும்மா தாண்டி வர்றதில்லைங்க, அப்படியே நின்னுடறாங்க. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதே போச்சு."

உலுக்கத்தானே செய்யும், உண்மையான ஓவியம் என்றால்? குழந்தைக்குப் புரிந்தது சங்கத்தில் எவனுக்கும் புரியவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

"எங்க அக்கா சுகர் லேண்ட்ல வீடு வாங்கியிருக்காங்க அங்கிள். அவங்களுக்கும் ஒண்ணு வரைஞ்சு தருவீங்களா? போன் பண்றப்பெல்லாம் கேக்கறாங்க."

 பசுபதி காபி டம்ளரைக் கீழே வைத்தார். இவ்வளவு நாள் இவர்களை எவ்வளவு கேவலமாக நினைத்துவிட்டோம் என்று முதல் தடவையாக வருத்தமாகக்கூட இருந்தது.

"காப்பெல்ல ஒரு வீட்லயாவது ஆர்ட் தெரிஞ்சவங்க இருக்கீங்களேம்மா," என்றார். "கண்டிப்பா பண்ணித் தரேன். ஆனா முகம் மட்டும் இதே முகமாத்தான் இருக்கும். பரவாயில்லையா?"

"ஐயோ, இதே முகம்தாங்க வேணும்," என்றாள் வான்மதி.

ரஞ்சித்குமாரும் தலையாட்டினான். "வாசல்ல திருஷ்டிப் பூசணிக்காய் கட்டினா காலனி அசோசியேஷன்ல கண்டிச்சு லெட்டர் போடறாங்க அங்கிள். உங்க பூதத்தை மாட்டினா ஒண்ணும் சொல்றதில்லைங்க."